நான் அவளுடைய பெரியம்மா

ஏழு ஆண்டுகள் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்து, அவர்களுடைய பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு நாவற்குடாவுக்குத் திரும்பியிருந்தேன். மறுநாள் ஆசையோடு மகளைக் கூட்டிவர அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

வகுப்பாசிரியை என்னை வியப்போடு பார்த்தார். “நீங்க ஆரு? இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லையே. சின்ன வயசிலேயே தவறிப் போயிட்டா எண்டு இவதானே சொன்னவ?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டு நின்றாள். அவள் உதடு துடித்ததைக் கண்டதும், “நான் பெரியம்மா, டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

வீதிக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் மனே அப்பிடிச் சொன்ன?”

“அம்மா குவைத்தில எண்டா, உங்களப் பத்திக் கண்டபடி கதைக்கிறாங்க. செத்திட்டா எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க.” சொல்லும்போதே அழுதாள்.

“ஆரு கதைச்ச?”

அவள் சொன்ன பெயர்கள் எல்லாம் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களுடையவை. முதல் நாள்தான் அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுது, நான் கொடுத்த சவர்க்காரமும் சொக்லேட்டும் வாங்கிப் போயிருந்தார்கள்.

மகளை அன்றே மன்னித்துவிட்டேன். அந்த ஒழுங்கைக்காரர் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். ஆனால், என்னை என் பிள்ளையின் வாயாலேயே சாகடித்தவர்கள் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.