பதினொரு நிமிஷ சிலிண்டர்

ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டியவர் சந்தானம். படிப்பு எட்டாவது. வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவர். பட்டம் வாங்கிய பிள்ளைகளெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, அறுபது டன் எந்திரத்தைக் கோழிமுட்டை மாதிரி தூக்கி வைத்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் போய், "என் கல்யாணத்துக்கு வெட்டிங் பிளானர் வச்சுக்கலாம்பா" என்றாள் இளைய மகள் சௌம்யா.

அவளுக்குக் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே தண்ணீர் குடிப்பதற்குக்கூட நாலு பேர் உட்கார்ந்து மீட்டிங் போடுவார்கள்.

"எதுக்கு? உங்கக்கா கல்யாணத்தை எந்த பிளானர் வந்து பண்ணான்?"

அந்தக் கதை தொழிற்சாலை டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, இரண்டாயிரத்தில், மூத்தவள் நீலாவின் கல்யாணம். பந்தல்காரர், பூக்காரர், சமையல்காரர் என்று எல்லோரையும் அவர் ஒருத்தரே மேய்த்தார். முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில் வடைச்சட்டிக்குக் கீழே கேஸ் தீர்ந்துபோனது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் லிங்கம்பள்ளிக்குப் பறந்து, கால்களுக்கு நடுவே சிலிண்டரோடு திரும்பினார். பதினொரே நிமிஷம். அவர் வாயில் கதை எப்போதும் அங்கேயே முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிளானர் மஹதி வந்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மடியில் லேப்டாப், கழுத்தில் அட்டை. மூன்று விதமான உதவி உண்டாம். முதலிலிருந்து கடைசிவரை அவர்களே பார்ப்பது ஒன்று. பாதி நாம், பாதி அவர்கள் என்பது இன்னொன்று. ஏற்பாடெல்லாம் நாமே செய்து, கல்யாண நாளை மட்டும் அவர்கள் நடத்திக் கொடுப்பது மூன்றாவது.

"தீம் என்ன அங்கிள்?"

"கல்யாணம்தாம்மா தீம்."

"கலர்?"

"பொண்ணு மாநிறம்."

சௌம்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். சந்தானத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பரீட்சையே வைத்தார்.

"முகூர்த்த நேரத்துல கேஸ் தீந்துபோச்சு. என்ன பண்ணுவே?"

"தீராது அங்கிள். ஸ்பேர் நாலு இருக்கும்."

"அதுவும் தீந்தா?"

"எங்க ஆள் போவான்."

"நக்கோம்மா, ஆளெல்லாம் வேணாம். நானே போனேன். பதினொரு நிமிஷம்."

அதுவரை காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி வேதவல்லி நிமிர்ந்தாள்.

"அந்தப் பதினொரு நிமிஷத்துலதான் நல்ல நேரம் போகுதுன்னு ஐயர் அவசரப்படுத்தினாரு. உங்க தம்பியும் அவர் பொண்டாட்டியும் மணையில உக்காந்து நம்ம பொண்ணைத் தாரை வார்த்துக் குடுத்தாங்க. பெத்தவ நான் தூணோரமா நின்னு பார்த்தேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."

சந்தானம் மின்விசிறியைப் பார்த்தார். அதில் தூசு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேதவல்லி மஹதி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இந்த மனுஷனை மணையை விட்டு எழுந்திருக்க விடாம பார்த்துக்க ஆள் இருக்கா? அது உங்க மூணுல எதுல வரும்?"

மஹதி சந்தானத்தை மேலும் கீழும் அளந்தாள். "ஹவ் ஆன்ட்டி, இருக்கு. மூணாவதுலயே வரும். அங்கிளுக்கு ரெண்டு பேரா போட்டுடறேன்."

மூன்றாவதே முடிவானது. ஏற்பாடெல்லாம் தம் கையில்தானே என்று சந்தானம் மீசையைத் தடவிக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று மணைக்குப் பின்னால், காதில் ஒயர் மாட்டிய இரண்டு பேர், ஏதோ பாங்க் கொள்ளைக்காரனைக் காவல் காப்பது மாதிரி நின்றார்கள். திடீரென்று சமையற்கட்டில் ஏதோ தடாலென்று விழுந்தது. சந்தானத்தின் உடம்பு தானாகவே எழுந்தது. காவலாளிகள் குனிவதற்குள், எழுந்த வேகத்திலேயே திரும்ப உட்கார்ந்தும் விட்டது. இடுப்பில் கட்டியிருந்த அங்கவஸ்திரத்தின் நுனிமேல் வேதவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சத்தம்னு ஒரு எட்டு..."

"சட்டி. விழுந்துடுச்சு. உக்காருங்க."

சந்தானம் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அறுபது டன்னை இறக்குகிற அதே பக்குவம். செம்பிலிருந்து வேதவல்லி தண்ணீர் வார்த்தாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

பந்தியில் அவர் மஹதியைக் கூப்பிட்டார். "கேஸ் எத்தனை மீதி?"

"ரெண்டு முழுசா இருக்கு அங்கிள்."

அவர் முகம் வாடிப்போனது.

இப்போதெல்லாம் டவுன்ஷிப்பில் அவர் சொல்வது வேறு கதை. பத்துப் பதினைந்து பிளானர்களுக்குப் பரீட்சை வைத்து, இருப்பதில் கெட்டிக்காரியைத் தாமே பொறுக்கி எடுத்தாராம். கேட்பவர்கள் வாய் பிளக்கும் நேரம் பார்த்து, உள்ளேயிருந்து வேதவல்லி, "அங்கவஸ்திரம்" என்பாள்.

கதை அங்கேயே முடிந்துவிடும்.