சித்தியோடு கப்பலேற மூன்று பக்கச் சம்மதம்

கப்பலில் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அவர்களை அனுப்பி வைக்கிற நாங்கள் ஜெராக்ஸ் மெஷினைப் பார்ப்போம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருக்கிற டிராவல் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. "இன்னும் ஒரே ஒரு பேப்பர்" என்று ஏதாவது ஒரு கவுன்டரில் உங்களையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் நாம் ஒரே ஜாதி, மேலே படியுங்கள்.

போன கோடை லீவில் வந்த ஒரு குடும்பம் இது. சங்கர் பேங்க் அதிகாரி, கல்கத்தாவிலேயே பிறந்தவர். முதல் மனைவி ரேவதியோடு விவாகரத்தாகி, அதற்கு முந்தின வருஷம் திருச்சியிலிருந்து கல்யாணியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு பெண்கள் அவரிடம்தான் இருக்கிறார்கள். அனுவுக்குப் பன்னிரண்டு வயது, தியாவுக்கு எட்டு. சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அப்புறம் பேங்கில் இன்ஸ்பெக்ஷன் என்று சங்கருக்கு லீவு ரத்தானது. கேன்சல் பண்ணிவிடலாம் என்றார் அவர். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் கல்யாணி. வந்து ஒரு வருஷமாகியும் அந்தக் குழந்தைகளை அவளை நம்பி யாரும் லேக் பார்க்குக்குக்கூட அனுப்பியதில்லையாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பெற்றவர்கள் கூட வராத குழந்தைகள் கப்பலேற வேண்டுமானால் அப்பா, அம்மா இருவரும் சம்மதக் கடிதம் தர வேண்டும், நோட்டரி முத்திரையோடு. அதாவது ரேவதி கையெழுத்துப் போட்டால்தான் கப்பல்.

உறவு என்ன?

முதல் தப்பு என்னுடையது. மேலே சொன்ன கதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாரத்தில் "குழந்தைக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். கவுன்டரில் நின்ற தியாவிடம் கல்யாணியைக் காட்டி, "இவா யாரும்மா?" என்றேன். "சித்தி" என்றாள். நானும் "ஆன்ட்டி" என்று அடித்து அனுப்பிவிட்டேன். அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்தி. நம் பாஷை ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று குடும்பம் நடத்துகிறது. ஆன்ட்டியோடு அனுப்புவதென்றால் வேறு பாரம் என்று கப்பல் கம்பெனியிலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

குழந்தைகளை மறுபடி வரவழைத்து விசாரித்தேன். அம்மாவுக்குத் தங்கையா, சித்தப்பா மனைவியா என்று நான் கேட்டுக்கொண்டே போக, வீட்டில் தமிழும் வெளியே பெங்காலியுமாக வளர்ந்த அனுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமி, நீங்க எழுதிக்கோங்கோ. அப்பாவுக்கு வொய்ஃப், எங்களுக்கு சித்தி, ஸ்கூல் டைரில கார்டியன். ஒரே ஆள்தான்."

சர்நேம்

பக்கத்து மேஜை தபன்தா வங்காளி. அவர் வம்சத்தில் நாலு தலைமுறைக்கும் ஒரே சர்நேம். நம் ஆட்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். குழந்தைகளுக்கு சர்நேம் சங்கர். சங்கருக்கு அவர் அப்பா பெயர். கல்யாணிக்கு அவள் அப்பா பெயர். ரேவதியோ விவாகரத்துக்குப் பிறகு தன் அப்பா பெயருக்கே திரும்பிவிட்டாள். ஐந்து பேரையும் அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அவருக்குத் திதி, அதாவது அக்கா.

"இது குடும்பமா திதி, இல்ல பஸ்ஸுக்கு நிக்கற க்யூவா?"

சொத்து அம்மா

சங்கரின் கடிதத்துக்கு முத்திரை வாங்க அவரும் கல்யாணியும் நானுமாக அலிப்பூர் கோர்ட் வாசலுக்குப் போனோம். அங்கே ஒரு வயதான நோட்டரி, எல்லோருக்கும் அவர் உகில் பாபு, அதாவது வக்கீல் ஐயா. கடிதத்தைப் படித்தார், கல்யாணியை நிமிர்ந்து பார்த்தார், "ஷொத் மா?" என்று கேட்டார். பெங்காலியில் மாற்றாந்தாய் என்று அர்த்தம். திருச்சியிலிருந்து வந்தவளுக்கு அது "சொத்தும்மா" என்று கேட்டிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது.

"சொத்தா? இவர்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு நான் கல்யாணம் பண்ணிண்டேன்? லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி ஃப்ளாட்டைத் தவிர?" சங்கர் எதிரே இருந்த டீக்கடையை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். தமிழ் தெரியாத உகில் பாபுவோ முத்திரையைக் கையில் பிடித்தபடி திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். நான் நடுவில் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. விஷயம் புரிந்ததும் அவர் சிரித்தார். அவர் சொன்னதைக் கல்யாணிக்குத் தமிழில் சொன்னேன்.

"மா, எங்க பாஷைல ஷொத்னா நேர்மைன்னும் அர்த்தம். ரெண்டுல எது பிடிக்கறதோ அதை வெச்சுக்கோ."

கையெழுத்து இல்லை

சனிக்கிழமை ரேவதி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற சால்ட் லேக்கிலிருந்து வந்தாள். ஐடி கம்பெனியில் வேலை. கல்யாணி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. நான் தன் பேரில் அடித்து வைத்திருந்த கடிதத்தை ரேவதி இரண்டு தடவை படித்தாள், பேனாவை மூடினாள். அந்தக் குழந்தைகள் இரண்டும் வகுப்பு முழுக்கக் கப்பல் கப்பல் என்று சொல்லி வைத்திருந்தன. கல்யாணி தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது "முடியாது" என்று வந்தால் இந்தப் பெண்ணிடம் இனிமேல் யாரும் எதையும் ஒப்படைக்கமாட்டார்கள் என்று எனக்கே தோன்றியது. என்னம்மா ஆட்சேபணை என்று கேட்டேன்.

"அனுப்பறதுக்கு ஆட்சேபணை இல்ல மாமி. பாஸ்போர்ட் நம்பர், கேபின் நம்பர் எல்லாம் இருக்கு. தியா அழுதா என்ன பண்ணணும்னு இதுல எங்கயாவது இருக்கா?"

மூன்று பக்கம்

சரி, சொல்லு, சேர்த்துவிடுகிறேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அதுதான் அன்று நான் செய்த பெரிய தப்பு. அனுவுக்கு இறால் ஆகாது, எண்ணெய் வாசனைகூட ஆகாது. கப்பல் ஆடினால் வாந்தி வரும், தலையைப் பிடிக்கக் கூடாது, முதுகைத் தடவ வேண்டும். தியாவுக்குக் காய்ச்சல் வந்தால் முரி மட்டும்தான் இறங்கும், அதாவது நம் பொரி. அழுதால் சமாதானம் சொல்லக் கூடாது, பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும் ரேவதி என்னைப் பார்த்தே சொன்னாள். "தயிர் சாதம் சாப்பிடுவாளான்னு கேளுங்கோ மாமி" என்று கல்யாணியும் என்னிடமே கேட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இருவருக்கு நான் டெலிபோன். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் அந்தக் காலி நாற்காலியில் ரேவதி உட்கார்ந்துவிட்டாள், என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். மூன்றாவது பக்கத்தின் அடியில் கையெழுத்து விழுந்தது. மறுபடி அலிப்பூர். உகில் பாபு மூன்று பக்கத்தையும் நிதானமாக வாசித்து, பக்கத்துக்கு ஒன்றாக முத்திரை குத்தினார்.

"முப்பது வருஷமா முத்திரை குத்தறேன் திதி. வாந்திக்குக் குத்தறது இதான் முதல் தடவை."

யார் பார்த்தார்கள்?

திரும்பி வந்ததும் கல்யாணி ஆபீஸுக்கு வந்தாள், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கடிதத்தை எங்கெங்கே கேட்டார்கள் என்று ஆவலாக விசாரித்தேன். கல்கத்தா ஏர்போர்ட்டில் கேட்கவில்லை. சிங்கப்பூரில் கேட்கவில்லை. கப்பலில் அவளாகவே எடுத்து நீட்டியும், வேண்டாம், மேலே போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம், இரண்டு தடவை அலிப்பூர், நடுவில் ஒரு சொத்துச் சண்டை.

நான் பொரிந்து தள்ளி முடிக்கட்டும் என்று காத்திருந்தவள், பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் வைத்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒரு மூலையில் ஜூஸ் கறை. இரண்டாம் நாள் சாப்பாட்டு ஹாலில் அம்மா வேண்டும் என்று தியா அழுதாளாம். எழுதியிருந்தபடி இவள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை தானாகவே இவள் மடியில் தலையை வைத்துக்கொண்டதாம். சொல்லி முடித்ததும் காரியத்துக்கு வந்தாள்.

"யாரும் பாக்கல மாமி, நான்தான் தினம் படிச்சேன். இதை லேமினேஷன் பண்ணித் தர முடியுமா?"

பதினெட்டு வருஷத்தில் நான் கப்பல் கம்பெனிக்காகத் தயாரித்த காகிதங்களிலேயே ஒருவர் முழுசாகப் படித்து அதன்படி நடந்தது இது ஒன்றுதான், அதையும் கப்பல் கம்பெனி பார்க்கவில்லை.