முதுகு காட்டிப் போகும் மேடம்

காலை எட்டு பத்துக்குத் தெருவில் ஒரு சத்தம் கிளம்பும். முதல் வாரம் அதை ஆம்புலன்ஸ் என்று நினைத்து நாலு பேர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டாவது வாரம் யாரும் அசையவில்லை. அது தராசின் கார், உள்ளே மேடம் இருக்கிறார் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோயிருந்தது.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. பார்சல் டிப்போவில் எடை போடும் மேசைக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பதால் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மேடம் அவருடைய ஒரே மகள். இரண்டு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தெரிந்த வார்த்தைகள் பதினாறு. மற்ற பதினைந்தையும் ஓய்வில் வைத்துவிட்டு ‘வேணாம்’ ஒன்றை வைத்தே குடும்பம் நடத்துகிறார்.

மேடத்துக்குப் பிரச்சினை காரில் இல்லை, அதில் இருக்கும் குழந்தை சீட்டில்தான். பின்னால் பார்த்த மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். உலகம் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, மேடம் எதிரே பின் சீட்டின் முதுகில் இருக்கும் சாம்பல் நிறத் துணியைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். குழந்தைகள் காப்பகத்துக்குப் போக அரை மணி, வர அரை மணி. ஆக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் சாம்பல் துணி. யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். மேடம் கத்துவதோடு நிற்காமல் செருப்பைக் கழற்றி எறிவார், தண்ணீர் பாட்டிலை எறிவார், எறிய ஒன்றும் மிச்சமில்லை என்றால் முதுகை வில்லாக வளைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்றுக்குத் தயாராவார்.

“திருப்பிடலாம்மா. முன்னாடி பார்த்து உக்காந்தா சத்தமே வராது,” என்று தராசு வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை மனு போடுவார்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். மனுவை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “வேணாம்.” மேடம் அந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“காலு மடங்கி மடங்கிக் கிடக்குது பாரு. பார்க்கவே பாவமா இருக்கு.”

“கால் இடிச்சா சம்மணம் போட்டுக்குவா. கழுத்துக்கு சம்மணம் கிடையாது. உடம்புக்குத் தலைதாங்க கனம் இந்த வயசுல. முன்னாடி பார்த்து உக்கார வெச்சு நீங்க ஒரு பிரேக் போட்டா, பெல்ட் உடம்பைப் பிடிச்சுக்கும். தலையை யாரு பிடிப்பா?”

“நான் என்ன ரேஸா ஓட்டறேன்?”

“உங்க மேல வந்து இடிக்கிறவன் என்ன ஓட்டுவான்னு உங்களுக்குத் தெரியுமா? உடைஞ்ச காலை எத்தனையோ படம் எடுத்திருக்கேன். ஆறு வாரத்துல ஓடிடும். கழுத்துன்னு ஒரு படம் எடுத்தேன் பாருங்க, போன வருஷம்…” இந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்திவிடுவார். தராசும் மேலே கேட்டதில்லை.

இதற்கு நடுவில் தராசின் அக்கா வேறு. “டேய், என் பசங்க ரெண்டு பேரும் மடியில உக்காந்தே வளர்ந்தானுங்க. இப்ப என்ன, கழுத்து இல்லாமலா திரியறானுங்க?” என்று போனில் கேட்பாள். தராசு ஸ்பீக்கரைப் போட்டு மனைவி காதில் விழும்படி சமையலறைப் பக்கம் நடப்பார். மனைவி சரியாக அந்த நேரம் பார்த்து மிக்ஸியைப் போடுவார்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. சீட்டின் பக்கவாட்டில் ஒரு லேபிள் இருக்கிறது. பின்னால் பார்த்து உட்கார அதிகபட்சம் பதிமூன்று கிலோ என்று அதில் போட்டிருக்கிறது. “சரி, பதிமூணு ஆகட்டும், அன்னிக்குப் பேசலாம்,” என்றார் மனைவி. தராசின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து மேடத்துக்கு ராஜ உபசாரம். “இன்னும் ஒரே ஒரு வாய், என் தங்கம்ல,” என்று தட்டோடு பின்னாலேயே ஓடினார். மேடம் வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமைகளில் காப்பகத்திலிருந்து மேடத்தை நேராக டிப்போவுக்குக் கூட்டிவந்து எடை மேடையில் நிறுத்துவார். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுவார். போன மூன்று வாரமும் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. இந்த வியாழன் பதிமூன்று.

இங்கே டிப்போவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ரசீதில் அடுத்த கிலோதான் போடுவார்கள். நாலு கிலோ பத்து கிராம் என்றால் ஐந்து. அரை என்றும் கால் என்றும் அங்கே எழுத முடியாது, அதற்குக் கட்டமே கிடையாது. ஒன்பது வருஷம் இதையே செய்து தராசுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பத்து நிமிஷ வேலையைக் கால் மணி என்பார். ஒரு முறை மனைவியின் வயதை யாரோ கேட்க, வழக்கப்படி அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டார். அன்று அந்த வீட்டில் யார் சமைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அதனால் பதிமூன்று என்று எழுதும்போது அவர் கை நடுங்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று தோன்றினால்தானே நடுங்கும்.

மனைவி தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நிஜமா பதிமூணா?”

“மேடையில நிக்க வெச்சு, நானே பார்த்தேன்.”

“சரி. எடை விஷயத்துல உங்களை மீறி நான் என்ன சொல்ல?” குரல் இறங்கிவிட்டது. “நீங்களே திருப்பிடுங்க. நான் பார்த்தா மனசு கேக்காது.”

ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷம் இருக்கவேண்டும். தராசு முகத்தில் இருந்தது வேறு. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை மேடம் கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். என்ன ஆச்சோ என்று தராசு தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். மேடம் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். திரும்பி முன்னால் பார்த்தபோது எதிரே ஒரு லாரியின் பின்புறம் நின்றுகொண்டிருந்தது. பிரேக் போட்டுக் கார் நின்ற இடத்துக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஹாரன் அடித்தவர்கள் எல்லாம் திட்டி முடித்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் கண்ணாடியிலேயே முகம் தெரியும், தலையைத் திருப்ப வேண்டாம். அதுதான் அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்போ முற்றத்தில் காரை நிறுத்தி, மேடத்தை லோடு அண்ணன் கையில் கொடுத்தார். லோடு அண்ணன் இருபத்திரண்டு வருஷமாக லாரியில் சரக்கு அடுக்குபவர். அவர் கட்டிய கயிறு அவரே அவிழ்த்தால்தான் அவிழும்.

தராசு சீட்டைக் கழற்றினார், சுற்றினார், பெல்ட்டை ஓட்டை ஓட்டையாக விட்டு இழுத்தார். சீட் ஊஞ்சல் ஆடியது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

“அண்ணே, கொஞ்சம் முட்டியை வெச்சு அழுத்துங்களேன். உங்க கைக்குத்தான் இது அடங்கும்.”

“அழுத்தலாம். எதுக்கு இப்படித் திருப்பற?”

“பதிமூணு கிலோ ஆயிடுச்சுண்ணே. லேபிள்ல அவ்ளோதான் போட்டிருக்கு.”

லோடு அண்ணன் மேடத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். லேசாக ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். மேடம் அவர் மீசையைப் பிடித்து இழுத்தார்.

“இது பதிமூணு இல்ல.”

“எடை போட்டேண்ணே.”

“நான் தினம் முந்நூறு பெட்டி தூக்கறேன் தம்பி. இது பதிமூணு இல்ல.”

இரண்டு பேரும் மேடத்தோடு எடை மேசைக்கு நடந்தார்கள். மேடையில் நிறுத்தினார்கள். மேடம் இரண்டு முறை குதித்தார், எண் ஓடியது, பிறகு நின்றது. பன்னிரண்டு இருநூற்று நாற்பது.

“பாத்தீங்களா, பதிமூணு,” என்றார் தராசு.

லோடு அண்ணன் திரையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “கவுண்டர்ல பதிமூணு சரி. இங்க நிக்கிறது பார்சலா?”

தராசு திரையின் பக்கம் குனிந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அந்தத் திரையில் புள்ளிக்கு அப்புறம் இருக்கும் மூன்று இலக்கங்கள் அவர் கண்ணில் பட்டன.

“செருப்பு வேற போட்டிருக்கா,” என்று அண்ணன் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். “தம்பி, ஒண்ணு கேக்கறேன். தலை கனமா இருக்கற சரக்கை லாரியில எப்படி வைப்போம்?”

“கேபின் சுவர்ல முதுகை ஒட்டி.”

“ஏன்?”

“பிரேக் போட்டா சுவர் தாங்கும். கயிறு மட்டும் தாங்காது.” சொல்லி முடித்ததும் தராசுக்குக் காது சூடானது. இதைத்தான் வீட்டில் ஒருவர் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார்.

“அப்ப உன் பொண்டாட்டி சரியாத்தான் அடுக்கியிருக்கு,” என்றார் அண்ணன். “நீதான் பிரிச்சிட்ட.”

போன் அடித்தது. மனைவி.

“திருப்பியாச்சா?”

“இல்ல.”

“ஏன், பெல்ட் மாட்டத் தெரியலையா?”

“பன்னெண்டு இருநூத்தி நாப்பது,” என்றார் தராசு.

“என்னது?”

“எடை. பதிமூணு இல்ல. பன்னெண்டு இருநூத்தி நாப்பது. செருப்போட.”

“என் பிள்ளையைப் பார்சல் கணக்குல எழுதினீங்களா?”

“வேணும்னு பண்ணலம்மா.”

“நான் உங்க நம்பரை நம்பி சரின்னு சொன்னேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். “ஏங்க இவ்வளவு அவசரம்? என்ன ஆச்சு?”

அப்போதுதான் செவ்வாய்க்கிழமைக் கதை வெளியே வந்தது. லாரி, ஒரு சாண், ஹாரன் எல்லாம். கட்டைவிரலைக்கூட விடவில்லை.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் பயந்திருப்பேன்ல. தனியா எதுக்குப் பயந்துக்கிட்டு இருந்தீங்க?”

“நீ திட்டுவ.”

“இப்பவும் திட்டத்தான் போறேன். கேளுங்க. அவ அழுதா திரும்பாதீங்க. அழுறவ மூச்சு விடறா. அழுகை நின்னா ஓரமா நிறுத்திட்டு, இறங்கிப் போய்ப் பாருங்க. ஓடற வண்டியில தலையைத் திருப்பினீங்கன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

“சரி.”

“அப்புறம், பதிமூணு ஆனா திருப்பணும்னு அதுல எழுதல. பதிமூணுக்கு மேல இந்த சீட்ல இப்படி வைக்காதேன்னுதான் எழுதியிருக்கு. பேசலாம்னுதானே முதல்ல சொன்னேன்? நானும் இன்னிக்குத்தான் விசாரிச்சேன், இதைவிடப் பெரிய சீட் வருது. அதுல நாலு வயசு வரைக்கும் பின்னாடி பார்த்தே உக்காரலாமாம்.”

தராசு காரின் கூரையில் நெற்றியை வைத்துக்கொண்டார். நாலு வயது வரைக்கும் அந்தச் சத்தம். நாளுக்கு ஒரு மணி. வழக்கம்போல அடுத்த எண்ணுக்கு ஏற்றிக் கணக்குப் போட ஆரம்பித்து, பயந்து பாதியில் விட்டுவிட்டார்.

லோடு அண்ணன் ஒன்றும் கேட்காமல் சீட்டைப் பழையபடி சுற்றி, முட்டியை வைத்து ஒரே இழுப்பில் பெல்ட்டை இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். சீட் ஆடவில்லை, கார்தான் ஆடியது. இவ்வளவு நாள் அது சரியாக இறுகியிருக்கவே இல்லை என்பது தராசுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையும் வீட்டில் சொல்லவேண்டும். இன்றைக்கே எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொள்வது நல்லது.

மேடத்தை உட்காரவைக்கும் முன் தராசு, என்ன தோன்றியதோ, பின் சீட்டில் ஏறி மேடம் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்து எதிரே பார்த்தார். சாம்பல் துணி. அதில் ஒரு பழைய பால் கறை. அவ்வளவுதான் காட்சி. அரை நிமிஷத்துக்கு மேல் அவராலேயே பார்க்க முடியவில்லை.

இறங்கிப் போய் மேசையிலிருந்து அச்சு தப்பிப்போன ஸ்டிக்கர்களை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். ‘நனையக் கூடாது.’ ‘இந்தப் பக்கம் மேலே.’ ‘மேலே எதுவும் அடுக்காதீர்.’ சாம்பல் துணி முழுக்க, மேடத்தின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினார். சில அம்புகள் தலைகீழாகப் போயின. மேடம் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் மாட்டப்பட்டு, புதிய காட்சியைச் சந்தேகத்தோடு ஆராய்ந்தார். பிறகு கையை நீட்டி ஒன்றின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

டிப்போ வாசல் தாண்டியது. சந்தை தாண்டியது. பின்னால் சுர்ர் என்று காகிதம் உரியும் சத்தம் மட்டும். தராசு மூச்சைக்கூட அளந்து விட்டார். பதினோரு நிமிஷம். இந்தக் காரின் சரித்திரத்தில் அப்படி ஒரு பதினோரு நிமிஷம் வந்ததில்லை.

பன்னிரண்டாவது நிமிஷம் பாலத்தின் மேல் ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. முதலில் ஒரு செருப்பு பறந்தது. அப்புறம் ஆரம்பித்தது.

தராசு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்தை முன்னாலேயே வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு பஸ், பஸ்ஸின் சிவப்பு விளக்கு, அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“வேணாம்,” என்றார் மேடம், பாலம் அதிர.

“தெரியும் மேடம்.”

“வேணாம்.”

“எனக்கும்தான் மேடம் வேணாம். உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா மிக்ஸியைப் போடறாங்க.”

இரண்டாவது செருப்பு அவர் காதை உரசிக்கொண்டு வந்து முன் சீட்டில் விழுந்தது. தராசு திரும்பவில்லை. “இன்னும் கத்துங்க மேடம்,” என்றார், “நல்லாக் கேக்குது.”