கண்ணாடிக் கொத்தனாரும் ஒரு கடியும்

ஓட்டையைக் கண்டால் அடைத்துவிட வேண்டும். கண்ணாடிக் கொத்தனாருக்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது. அவர் பூசிய சுவர் கண்ணாடி, அதில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர் அவரேதான். விருந்துக்குப் போன வீட்டில் ஆணியடித்த துளை கண்ணில் பட்டால், சாப்பாடு இறங்காது. ஒருமுறை சம்பந்தி வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்துவிட்டு வந்தார். மறுநாள் சம்பந்தியம்மாள் ஹாலில் முழங்காலளவு நீரில் நின்றபடி போன் செய்தார்.

"அந்தச் சிமென்ட்டை உங்க வாயில பூசிக்கிட்டா ரெண்டு குடும்பமும் நிம்மதியா இருக்கும்" என்றாள் மனைவி.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அலைத்தடுப்புச் சுவர் கட்டும் அலுவலகத்தில் பொறியாளர். அவள் வரைந்த சுவர் முழுக்க ஓட்டை. விதி என்பது இதுதான்.

குழியில்லாத மொட்டைச் சுவரில் அலை மோதித் திரும்பும்; அதில் ஓர் உயிரும் ஒட்டாது. குழியும் பள்ளமும் வைத்தால், கடல் வற்றும் நேரத்தில் அவற்றில் தண்ணீர் தங்கும், நத்தையும் சிப்பியும் நண்டும் குடியேறும், சுவரும் சுவராகவே நிற்கும். இதை மேலிடத்துக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது. கடைசியில் ஒரு துண்டுச் சுவரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். மேலிடத்துக் குழு வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் கரை முழுவதும் அவள் சுவர். இல்லையென்றால் எல்லாக் குழியையும் அடைத்து மொட்டைச் சுவர்; அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

சுவருக்குக் கடைசிப் பூச்சு பார்க்க ஒப்பந்தக்காரர் யாரை அனுப்பினார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் மகள் வந்து பார்த்தபோது சுவர் பளபளத்தது. ஒரு குழி மிச்சமில்லை.

"அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"அச்சு போட்டவன் சொதப்பிட்டான்மா. ஊரெல்லாம் ஓட்டை. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு நானே சரி பண்ணிட்டேன்."

"அது ஓட்டை இல்லப்பா. வீடு."

"யாருக்கு?"

"நண்டுக்கு."

கொத்தனார் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல நண்டுக்கு வேலை பார்த்ததில்லை. அது எப்படிப்பட்ட பார்ட்டி? குறை சொல்லுமா?"

சிமென்ட் இறுகுவதற்குள் அத்தனையையும் தோண்டினார். தோண்டும்போது பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முகம். தோண்டியதோடு விட்டாரா? ஒவ்வொரு குழியின் ஓரத்தையும் குழந்தையின் கன்னம் போலத் தேய்த்தார். சொரசொரப்பாக இருந்தால்தான் அதுகளுக்குப் பிடிமானம் என்று மகள் மன்றாடியதில், உட்புறத்தை மட்டும் விட்டுவைத்தார். "வாசலாவது லட்சணமா இருக்கட்டும்."

மழைக்காலம் போய்க் குழு வந்தது. பாசி இருந்தது, நத்தை இருந்தது, சிப்பி கொத்துக் கொத்தாக இருந்தது. குழுத் தலைவருக்குப் பரம திருப்தி. திருப்தியில் ஒரு குழிக்குள் விரலை விட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் கடற்பறவைகள் இடம் மாறின.

"கடிச்சிருச்சு! பொதுமக்களைக் கடிக்கிற சுவரா கட்டி வச்சிருக்கீங்க?" கைக்குட்டையை விரலில் சுற்றியபடி ஆணையிட்டார்: "எல்லாத்தையும் மூடுங்க. யாருய்யா கொத்தனார்? இப்பவே பூசு!"

யோசித்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டை அடைத்த மனிதரிடம், ஓர் அதிகாரி, பகல் வெளிச்சத்தில், சாட்சிகள் முன்னால், அடை என்கிறார். கரணை கையில் இருக்கிறது. கலவையும் தயார். மகள் அந்தக் கரணையையே பார்க்கிறாள்.

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "நண்டு கடிக்கலைங்க சார்."

"பின்னே?"

"என் வேலைதான். ஓரத்தை ஒழுங்கா தேய்க்காம விட்டுட்டேன். கிழிச்சிருச்சு."

"கண்ணாடிக் கொத்தனார்னு இவங்க சொன்னாங்களே, இதுதான் லட்சணமா?"

"வயசாச்சுங்க. கை நடுங்குது."

தலைவர் முகம் தெளிந்தது. கடிக்கும் பிராணி என்றால் மேலே நாலு இடம் பதில் சொல்ல வேண்டும். மட்டமான வேலை என்றால் அலுவலகத்துக்கு நன்கு பழகிய விஷயம்; அதற்காக யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. சுவர் நின்றது. மீதிக் கரைக்கும் துண்டு துண்டாக அனுமதி வரும் என்றார்கள்.

அவர்கள் வண்டி மறைந்ததும் மகள் கேட்டாள்: "நிஜமாவே கிழிச்சுதாப்பா?"

"என் ஓரமா? கிழிக்குமா?" கொத்தனார் கொதித்துவிட்டார். "தடவிப் பாருடி! அந்த நண்டுப் பய கடிச்சான். நல்லா கடிச்சான்!"

விஷயம் ஊர் முழுக்கப் பரவ, புது வீட்டுப் பூச்சுக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் எதிரிக் கொத்தனார் தினமும் கேட்கிறான், "என்னண்ணே, ஓரம் தேய்க்க மறந்துட்டீங்களாமே?"

உண்மை நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் கரையில் பாதிதான் முடிந்திருக்கிறது.

"ஆமாப்பா, கை நடுங்குது" என்று சொல்லிவிட்டு, தளும்பத் தளும்ப இருக்கும் டம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கிக்கொள்கிறார்.