கள்ளுக்கு ஓம், தண்ணிக்கு ஏலாது

தீவுப்பகுதிக் கள்ளைப் பற்றிக் கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். பொம்பிளை கள்ளைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழும்பிப் போகலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

எண்பத்து நாலாம் ஆண்டுச் சித்திரை விடுமுறை அது. அதற்கு முந்திய ஆடியில் கொழும்பில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை எரித்துவிட்டார்கள். நானும் இவரும் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், பிறகு கப்பலில் வந்து இறங்கி, வேலணையில் இவருடைய தமையன் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வீட்டின் மேற்குப் பக்கத்து அறையை எங்களுக்கு விட்டுத் தந்திருந்தார். இவர் கேட்ட வேலைமாற்றம் இன்னும் கிடைக்கவில்லை. என் தாய்வீடு தங்கைக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. அந்த அறையை விட்டால் எங்களுக்குத் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. இது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், அத்தானுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அத்தான் தாராளமாய்ச் செலவழிக்கிற மனிதர். விருந்தாளிக்கு நல்ல மீன்துண்டு வைக்காமல் தான் சாப்பிடமாட்டார். “கொழும்பிலை இருந்து வாடிப்போச்சுதுகள். வாருங்கோ, உங்களுக்குத் தீவைச் சுத்திக் காட்டிறன்” என்று ஒரு காலை தன் பழைய ஒஸ்டின் காரை எடுத்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அவர் குசினிக்குள் நின்றபடியே, “இந்த வெய்யிலுக்கை எனக்கென்ன விசரே!” என்று சொல்லிவிட்டார். அவருக்கு அனுபவம் இருந்திருக்கிறது.

அத்தான் காட்டிய தீவு இதுதான்: ஊர்காவற்றுறையில் ஒரு தவறணை, அல்லைப்பிட்டியில் ஒரு தென்னங்காணி, சாட்டியில் ஒரு பனங்கூடல். மூன்றிலும் கள்ளு. கடற்கோட்டையைக் காட்டுவார், கப்பல் பார்க்கலாம் என்று ஆசையோடு வெளிக்கிட்ட நான், தவறணை வாசலில் காருக்குள் இருந்து அவிந்தேன். சீற்று அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. உள்ளே இருந்து சிரிப்பும் கருவாடு பொரிக்கிற வாசமும் வந்தன. இவர் இடையில் ஓடிவந்து ஒரு சோடாவை நீட்டினார். அது காரைவிடச் சூடாக இருந்தது. “கொஞ்சம் பொறும்” என்றார். பொறுத்தேன். அல்லைப்பிட்டியிலும் பொறுத்தேன். தென்னங்கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்று அத்தான் கார் ஓட்டியபடி எனக்கு விளங்கப்படுத்தினார். யாருடைய உடம்புக்கு என்று நான் கேட்கவில்லை. அதுவரைக்கும் நான் நல்ல மருமகள்தானே.

சாட்டியில் என் பொறுமை முடிந்தது. கடற்காற்று வருகிற பனங்கூடல், அதற்குள் ஒரு சீவல்தொழிலாளியின் வளவு. அவர் அப்போதுதான் மரத்தால் இறங்கி, முட்டியில் நுரை தள்ளிக்கொண்டிருந்த கள்ளை வடித்துக்கொண்டிருந்தார். அத்தானுக்கும் இவருக்கும் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாக்களில் ஊற்றினார். அத்தான் பிளாவை நீட்ட, அவர் முட்டியை உயர்த்தி, பிளாவில் முட்டாமல் ஊற்றினார். அந்த இடைவெளியை இருவரும் பிறந்ததிலிருந்து பழகியிருந்தார்கள். ஒரு சொட்டு வெளியில் சிந்தவில்லை.

நான் கார்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனேன்.

“எனக்கும் ஒரு பிளா தாருங்கோ” என்றேன்.

சீவல்காரர் அத்தானைப் பார்த்தார். இவர் மண்ணைப் பார்த்தார். அத்தானோ வயிறு குலுங்கச் சிரித்தார். “ஊத்திக் குடு, ஊத்திக் குடு! கொழும்புப் பெட்டையெல்லே. எங்கடை மனிசியளைப் போலயே? ஆனால் வீட்டை போய் அக்காட்டைச் சொல்லிப்போடாதையும் பிள்ளை, எனக்குத்தான் பேச்சு விழும்.”

குடித்தேன். முதல் வாய் மூக்குக்குள் ஏறியது. புளிப்பும் இனிப்பும் கலந்து, ஓலையின் பச்சை மணத்தோடு நாக்கில் கடித்தது. இரண்டாவது வாய்க்கு உடம்பு முழுக்கக் காற்று அடித்த மாதிரி இருந்தது. அடக் கோதாரி, இவ்வளவு நல்ல சாமானையா இந்த ஆம்பிளைகள் எங்களை வெய்யிலில் காயவிட்டுத் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன். அத்தான் தன் கையிலிருந்த சுட்ட கருவாட்டில் ஒரு துண்டை முறித்து நீட்டினார். அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

கருவாட்டின் உப்புக்கும் வெய்யிலுக்கும் தாகம் தொண்டையைப் பிடித்தது. வளவின் பின்பக்கம் கிணறு. சீவல்காரரின் மனைவி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். சாட்டிக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தீவெல்லாம் சொல்லும். நான் நேரே போய்க் கேட்டேன்.

அந்தப் பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆரோடை வந்தனீங்கள் எண்டு தெரியும்தானே பிள்ளை?”

“தெரியும்.”

“நான் தந்தனான் எண்டு பிறகு எனக்குக் கரைச்சல் வரும்.”

“தரமாட்டியளோ?”

“தரமாட்டன் எண்டு நான் சொன்னனானோ? கேக்கிற ஆக்களுக்கு இல்லையெண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இஞ்சாலை ஆரும் கேக்கிறேல்லை, அதுதான்.” உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து, ஏற்கெனவே புளி போட்டு விளக்கியிருந்த அதை என் கண்முன்னால் இன்னொருதரம் கழுவி, நிறைத்துத் தந்தார். முழுச் செம்பையும் குடித்தேன். இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, என் தோளுக்கு மேலால் எதையோ கண்டு அப்படியே நின்றது. திரும்பினேன். அத்தான் நின்றார்.

செம்பையும் என்னையும் பார்த்தார். காரில் ஏறினார். எங்களை ஏற்றிக்கொண்டு நேரே வேலணைக்கு விட்டார்.

வீட்டில் கார் நின்றதும் அத்தான் குசினிப் பக்கம் போய் அக்காவிடம் என்னவோ சொன்னார். நான் கால் கழுவிவிட்டு வர, அக்கா குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“கிணத்தடியிலை முழுகிப்போட்டு உள்ளை வாரும்.”

“கள்ளுக் குடிச்சதுக்கோ அக்கா?”

“கள்ளை விடும். அவையின்ரை வீட்டுத் தண்ணியைக் குடிச்சனீராம்.”

எனக்கு விளங்க ஒரு நிமிசம் பிடித்தது. பொம்பிளை ஆம்பிளைகளோடு நின்று கள்ளுக் குடித்தது பகிடி. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது தீட்டு! குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்பார்களே, அது இதுதான். விறாந்தையில் கதிரையில் இருந்த அத்தானிடம் நேரே போனேன்.

“அத்தான், நீங்கள் குடிச்ச கள்ளு வந்த முட்டியை எந்தத் தண்ணியிலை கழுவினவை?”

“கள்ளு மரத்திலை இருந்து வாறது. அது வேறை. உதெல்லாம் உமக்கு விளங்காது.”

“அகதி முகாமிலை ஒரு பீப்பாத் தண்ணியை எல்லாரும் குடிச்சனாங்கள். ஆர், எவர் எண்டு ஒருதரும் கேக்கேல்லை.”

“ஆபத்துக்குப் பாவமில்லை பிள்ளை.”

“தாகமும் ஆபத்துத்தான். நான் முழுகமாட்டன்.”

அத்தான் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பினார். தம்பியைக் கூப்பிட்டார். இவர் ஒருநாளும் தமையனுக்கு முன்னால் கதிரையில் இருந்ததில்லை. தகப்பன் செத்தபிறகு படிப்பித்தவர் தமையன். அந்த நன்றியை நான் ஒருபோதும் பகிடி பண்ணியதில்லை.

“உன்ரை மனிசிக்குச் சொல்லு. ஒரு வாளி தண்ணியை ஊத்திப்போட்டு வரட்டும், நான் மறந்துபோறன். ஏலாதெண்டால் அந்த அறையிலை இனி இருக்கேலாது.”

இவர் என்னைப் பார்த்தார். ஒரு வாளி தண்ணீர்தானே என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முழுகியிருக்கமாட்டேன். ஆனால் அவரோடு அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது. கெஞ்சவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. சொல்லுங்கோ பாப்பம் என்று நின்றேன்.

“அண்ணை,” என்றார் இவர். “சின்னனிலை சாட்டிக்குக் குளிக்கப் போனால் நான் அந்த வளவிலைதான் தண்ணி குடிக்கிறனான். இண்டைக்குக் கள்ளு ஊத்தின மனிசன்ரை தாய்தான் அப்ப அள்ளித் தாறவ. நீங்கள் முழுகச் சொல்லுறதெண்டால் என்னைத்தான் முதலிலை சொல்லோணும். நானும் முழுகமாட்டன்.”

எனக்கே தெரியாத விசயம் அது. அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, வெட்கம்கெட்டு. அத்தான் கையை அசைத்து வாசலைக் காட்டினார்.

கட்டுவதற்கு எங்களிடம் ஒரு பெட்டியும் ஒரு உரப்பையும்தான் இருந்தன. அக்கா குசினிக்குள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஆனால் வெளியே வரவில்லை. அத்தான் மட்டும் பின்னாளிலும் வழமைபோலச் சாட்டிக்குப் போய், அதே வளவில் நின்று, அதே மனிதர் ஊற்றக் கள்ளுக் குடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதாவது அவருக்கு ரோசம் வந்திருக்கலாம்.

நாங்கள் வாசற் படலையைத் தாண்டியபோது பின்னால் அவருடைய குரல் வந்தது. கோபத்தைவிட அதில் கவலைதான் இருந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

“பொழுதுபட்டுப் போச்சு. எங்கையடா போய்ப் படுக்கப் போறியள்?”

இவர் தயங்கினார். நான் திரும்பினேன்.

“தண்ணி தந்த வீட்டிலை போய்க் கேப்பம், அத்தான்.”

சாட்டிப் பக்கம் நடந்தோம்.