வட்டத்தில் தலைகீழாய் நின்றவர்

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் அந்தப் படத்தை எடுத்தபோது நான் மணலில் மல்லாந்து கிடந்தேன். என் பெட்டிக் கமராவுக்குக் கொப்பித்தாள் அளவு பிலிம் வேண்டும். சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவரும் மீன்கண் வில்லையை அதில் பூட்டி வானத்தைப் பார்க்க வைத்தால், பின்கண்ணாடியில் விழும் காட்சியைக் கீழே கிடந்துதான் பார்க்க முடியும். கறுப்புத் துணிக்குள் வியர்த்து வழிந்தபடி பார்த்தேன். ஒரு வட்டம், நடுவில் வானம். விளிம்பில் காலூன்றி, தலைகளை நடுவுக்கு நீட்டிக்கொண்டு, சுற்றி நிற்கச் சொன்ன ஆறு மீனவர்கள். அசையாமல் நிற்கச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டார். எதிரே நின்ற அவருடைய மைத்துனர் அவரை அதட்டினார்.

படம் அச்சாகி வருவதற்குள், சிரித்தவர் தனியே கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. எல்லோரும் தேடினார்கள். படகும் இல்லை, உடலும் இல்லை.

ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்த கண்காட்சியை நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. வெள்ளை அட்டையை வட்டமாக வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, துறைமுகத்துக்குக் கிட்டிய ஒரு மண்டபத்தில் மாட்டினேன். வட்டத்துக்கு மேலும் இல்லை கீழும் இல்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

படத்திலிருந்த மற்ற ஐவரோடும் காணாமல்போனவருடைய மனைவி வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவரை ஏன் தம்பி கருவாடு மாதிரித் தலைகீழாத் தொங்கவிட்டிருக்கிறீங்கள்?"

"சுத்திவர நிண்டு எடுத்த படம் அக்கா. ஒருத்தர் நேரா நிண்டா எதிர்ல நிக்கிறவர் தலைகீழாத்தான் வருவார்."

"திருப்பி மாட்ட ஏலாதோ?"

திருப்பி மாட்டினேன். இப்போது மைத்துனர் தலைகீழானார்.

"அவன் என்ர கூடப்பிறந்தவன். எனக்கு ஆரும் தலைகீழா வேண்டாம். இறக்குங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை நாள் வேலை அது. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் வாய் திறக்கப் பயமாகவும் இருந்தது. படத்தை இறக்கி, வேறு இடமில்லாமல் நடுவிலிருந்த மேசையில் கிடத்தினேன்.

யாரும் சொல்லவில்லை. ஐவரும் மேசையைச் சுற்றி நடந்து, அவரவர் உருவத்தின் காலடியில் போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து குனிந்தால் ஒவ்வொருவருக்கும் தன் உருவம் நேராகத் தெரிந்தது. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அக்கா சுற்றி வந்து அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியில் கையை வைத்தார்.

"இப்ப நேரா நிக்கிறார். வந்தா அவரே இதில நிண்டு பாக்கட்டும். அதுவரைக்கும் எடுத்துப்போடாதேங்கோ தம்பி."

"ஓம் அக்கா" என்றேன். மறுநாள் மண்டபத்தை ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.