மாடிவீட்டு அக்காவின் வளைகாப்பு

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில் நாங்கள் முதலில் குடியிருந்த அப்பார்ட்மென்டில் யார் வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறது, யார் வீட்டு இட்லி மாவு புளிக்கவில்லை, யாருடைய மாமியார் விசிட்டர் விசாவில் வந்து இறங்கியிருக்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு கார்தான். அதை எடுத்துக்கொண்டு ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்கு ஸ்கூல் பஸ் நிற்கும் இடம்தான் கோயில், கடைவீதி எல்லாம். காலையில் எங்களை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். சாயந்திரம் பஸ் எங்களைக் கொண்டுவந்து இறக்கும்போதும் அதே இடத்தில் பேசிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் வீட்டுக்குப் போனார்களா என்று எனக்கு அந்த வயதில் சந்தேகம் உண்டு.

அப்பா கோயில் மடப்பள்ளியில் சமைக்க வந்தவர். மற்ற வீடுகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. ஆனாலும் நல்லது கெட்டது எதற்கும் என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஈரோட்டுப் பக்கம். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'ங்க' சேர்க்காமல் அவளால் பேச முடியாது. யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பாள். அந்த "சரிங்க" செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். மற்ற எல்லோரையும் ஆன்ட்டி என்று கூப்பிட்ட நான் அவரை மட்டும் அக்கா என்பேன். மதுரைக்காரர். கூட வேலை பார்த்த தெலுங்குக்காரரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவருடைய அப்பா, இனி இந்த வீட்டில் அவள் பேரையே யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அவருடைய அம்மாவும் பேசுவதில்லையாம். பெரியவர்கள் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். தாழ்த்திச் சொல்வது எதுவோ அதுதான் குழந்தைகள் காதில் நன்றாக விழும்.

சில சனிக்கிழமைகளில் அக்கா எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவார். மேலேயிருந்து கூப்பிட்டால் கணவர் மனசு கஷ்டப்படும் என்று, எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனில் ஊருக்குப் பேசப் பார்ப்பார். காலிங் கார்டு நம்பரை எல்லாம் அழுத்திவிட்டுக் காதில் வைத்துக் காத்திருப்பார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போனை மாட்டிவிட்டு, "அப்பாதான் எடுத்தாரு" என்பார். அந்த மதுரை நம்பர் எங்கள் முருகன் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கிடந்தது.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் வந்தது. வளைகாப்பு யார் செய்வது என்ற பேச்சும் வந்தது. அம்மா, "நம்ம வீட்லயே வெச்சுக்கலாமுங்க" என்று பஸ் நிற்கும் இடத்தில் சொல்லிவிட்டாள். டாக்டர் ஆன்ட்டிக்குத்தான் தயக்கம். அவர் நிஜமாகவே டாக்டர். இங்கே பரீட்சை எழுத உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"முதல் வளையல் பொறந்த வீட்டுலேர்ந்து வரணும்பாங்களே. அவங்க அம்மா உசுரோட இருக்கறப்போ நாம அந்த இடத்துல நிக்கலாமா?"

"அவங்க வந்தா நான் தள்ளிக்கறனுங்க. வர்ற வரைக்கும் எடத்தப் புடிச்சு வெக்கறேன், அவ்வளவுதானுங்க" என்றாள் அம்மா. பஸ்ஸில் ஸீட் போடுவது மாதிரி சொன்னாள்.

கண்ணாடி வளையல் அந்தப் பக்கத்தில் அப்போது கிடைக்காது. ஒவ்வொருத்தரும் ஊரிலிருந்து புடவைக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்ததில் இரண்டு மூன்று கொடுத்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், சரிகைப் புள்ளி வைத்தது, வைக்காதது என்று ஒரு தட்டு நிறைய சேர்ந்தது. அதில் என் கைக்கு அளவான இரண்டு பச்சை வளையல்களும் இருந்தன. இதோடு சரி, விசேஷத்தில் வந்து வேறு கேட்கக் கூடாது என்று சொல்லி அம்மா அவற்றை எனக்கு முன்கூட்டியே போட்டுவிட்டாள். வேப்பிலைக் காப்புக்கு டாக்டர் ஆன்ட்டி தொட்டியில் வளர்த்த வேப்பஞ்செடி. குளிர்காலம் என்பதால் அதை வீட்டுக்குள் டிவி பக்கத்தில் வைத்திருந்தார். அவர் ஒரு கொத்து கிள்ளும்போது முகம் போன போக்கைப் பார்த்தால் சொந்தப் பல்லைப் பிடுங்கியது போல இருந்தது.

கலவை சாதம் ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொண்டுவருவதாகப் பேச்சு. ஒவ்வொருத்தரும் தனித்தனியாக அம்மாவிடம், "நான் புளியோதரை பண்ணிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா எல்லோரிடமும் "சரிங்க" என்றிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் மேஜை மேல் வரிசையாகப் புளியோதரை வந்து உட்கார்ந்தது. கடைசியாக ஒருவர் எலுமிச்சை சாதத்தோடு உள்ளே வந்தார். அவரை எல்லோரும் குலதெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்துகொண்டிருந்தபோது அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினாள். "நீங்க பேச வேண்டாமுங்க. கேட்டுட்டு இருந்தாப் போதுமுங்க" என்று மட்டும் என் காதில் விழுந்தது. கோயிலுக்கு வேலைக்குப் போயிருந்த அப்பாவிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் அம்மா அப்படிச் சொல்வதுண்டு.

வளைகாப்பு தொடங்கியதும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள் கத்தினாள்.

"இப்பச் சந்தனம் வெக்கறோமுங்க! புள்ள நல்லா இருக்குதுங்க! மூஞ்சி தெளிவா இருக்குதுங்க!"

"நாங்க பக்கத்துலதான் நிக்கறோம். ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்று டாக்டர் ஆன்ட்டி காதைப் பொத்திக்கொண்டார். அவர் மகள் தன் கன்னத்தில் வைத்த சந்தனத்தைத் துடைத்தபடி, "அம்மா, இட்ஸ் ஸோ ஸ்டிக்கி" என்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா யாரையும் சட்டை பண்ணவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "இப்ப வேப்பிலைக் காப்புங்க!" என்றாள்.

ஆரத்தித் தட்டை எடுத்து வர என்னைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அங்கே போன் மாட்டாமல் கிடந்தது. ரைஸ் குக்கர் பக்கத்தில் ஒரு துண்டை மடித்து, அதன் மேல் யாரோ அதைப் படுக்க வைத்திருந்தார்கள். போனைச் சரியாக மாட்டவில்லை என்று என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு வேறு யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்ற சந்தோஷத்தோடு எடுத்தேன். உள்ளே தமிழில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, யாருங்க?"

செய்தி மட்டும் தூரத்தில் ஓடியது. சரி, போன் ரேடியோவைப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். எங்கள் கோயிலில் விசேஷ நாட்களில் ஒரு மாமா மைக் பிடித்து, "இப்பொழுது சுவாமிக்குப் பால் அபிஷேகம்" என்று வரிசையாகச் சொல்வார். எனக்கு அந்த வேலை மேல் ரொம்ப ஆசை. ரேடியோவே கையில் கிடைத்த பிறகு விடுவேனா?

"இப்பொழுது அக்காவுக்கு வேப்பிலைக் காப்பு போட்டாச்சு. அக்கா மாம்பழக் கலர் பட்டுச்சேலை. தலையில மல்லிப்பூ இல்ல, ரோஸ்தான் கெடச்சுது. கால்ல சாக்ஸ்."

"சாக்ஸா?" என்றது ரேடியோ. மெல்லிய பெண் குரல். "ஏன் தாயி, காலு வீங்கியிருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் போனில் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறாள். "இருங்க, பாத்துட்டு வரேன்" என்று ஓடினேன். கூட்டத்துக்குள் புகுந்து அக்கா காலடியில் உட்கார்ந்து சாக்ஸை இறக்கினேன்.

"என்னடி பண்றே?"

"கால் வீங்கியிருக்கான்னு பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கு முன்னாடி இவ டாக்டராயிட்டா" என்றார் டாக்டர் ஆன்ட்டி. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள். எப்போதும் போலத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"கொஞ்சமா வீங்கியிருக்குங்க. சாக்ஸ் கோடு பதிஞ்சிருக்கு" என்று போனில் சொன்னேன்.

"ராத்திரி தலகாணி மேல காலத் தூக்கி வச்சுப் படுக்கச் சொல்லு. உப்பக் கொறைக்கச் சொல்லு."

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா?"

"டாக்டரு சொன்னாங்கன்னு சொல்லு."

"டாக்டர் ஆன்ட்டி இங்கதான் இருக்காங்க."

"அப்ப நீயே சொன்னதாச் சொல்லிரு தாயி." பிறகு அந்தக் குரல் இன்னும் இறங்கியது. "சிரிச்ச மொகமா இருக்காளா?"

"இப்ப சிரிச்சாங்க. காப்பு போடறப்ப அழுதாங்க."

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "யாரு போன்ல?" என்றது. "ராங் நம்பருங்க" என்று தள்ளி நின்று சொல்வது கேட்டது. அப்புறம் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு கிசுகிசுப்பு: "வளையல் போடுறாங்களா தாயி? சத்தத்த மட்டும் கொஞ்சம் கேக்க வையேன்."

அது யார் என்று வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. ரேடியோவில் இருக்கும் யாரோ ஒரு பாவப்பட்ட ஆன்ட்டி, அவரை விசேஷத்துக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போகப் பார்த்தேன். சுருட்டை ஒயர் நீண்டு, நீண்டு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் அக்காவின் கை தெரிந்தது. ஆளாளுக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளின் கூச்சலும் யாரோ பாடிய நலங்குப் பாட்டும் அம்மாவின் கத்தலும் சேர்ந்து வளையல் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

உடனே ஒரு யோசனை வந்தது. என் கையைப் போன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பச்சை வளையலையும் குலுக்கினேன்.

"கேட்டுச்சுங்களா? அக்கா கை நெறைய போட்டிருக்காங்க."

"கேட்டுச்சு தாயி. நல்லாருக்கு. இன்னொருக்கா ஆட்டு."

நான் ஆட்டினேன். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்குள் சிரிப்பு. அவர் "ஆட்டச் சொல்லு" என்று சொல்லவில்லை, "ஆட்டு" என்றுதான் சொன்னார் என்பது அப்போது உறைக்கவில்லை. பின்னால் எனக்கே வளைகாப்பு நடந்தபோது தெரிந்துகொண்டேன். கை நிறைந்த வளையல் குலுங்குவது தானியம் கொட்டுவது போல இருக்கும். ஒரு குழந்தை கையில் இரண்டு வளையல் போடும் சத்தம் மெலிசு. பெண்ணைப் பெற்று, அந்தக் கைக்கு அளவு பார்த்து வளையல் வாங்கிப் போட்ட ஒருத்திக்கு இது தெரியாமலா போகும்? தெரிந்தும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார்டில் ஒரு நிமிஷம்தான் மிச்சம் என்று ஓர் அமெரிக்கக் குரல் குறுக்கே வந்து சொன்னது. "நல்லா இரு தாயி, நீயும் நல்லா இரு" என்பது பாதியில் அறுந்தது.

திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினாள். என்ன பேசினாய் என்று கேட்டாள். எல்லாவற்றையும், வளையல் தந்திரத்தையும் பெருமையாகச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அலமாரியில் இருந்த சுவாமிகளுக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அந்த வேளையில் அம்மா கற்பூரம் ஏற்றி நான் பார்த்ததில்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோனால் அதுதான் வழி. இப்போது எனக்கும் அதுதான் வழி.

சாயந்திரம் எல்லோரும் போய்விட்டார்கள். புளியோதரை மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் வரை எங்களோடுதான் இருந்தது. அக்கா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை ஒன்று பாக்கி இருந்தது ஞாபகம் வந்தது.

"அக்கா, ராத்திரி தலகாணி மேல காலத் தூக்கி வச்சுப் படுங்க. உப்பக் கொறைங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருடி சொன்னா?"

"நானேதான்."

அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாக என்னவோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். நடுவில் ஒரு தடவை என் கையைக் காட்டினாள்.

அக்கா என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார். அவர் கை இரண்டிலும் முழங்கை வரை வளையல். ஆனால் என் கையை எடுத்துத் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரண்டு பச்சை வளையலைக் குலுக்கினார். நிறுத்தினார். மறுபடியும் குலுக்கினார்.

இவ்வளவு வளையல் போட்டும் இந்த அக்காவுக்கு ஆசை தீரவில்லை, என்னுடையதையும் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கையை வெடுக்கென்று உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.